மாப்பிள்ளைக் காரின் கியர் ஒயில்

கிளச் இல்லாத காரை வாங்கியதற்காக என் கணவரைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் எங்கள் ஒழுங்கையில் இல்லை. நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு அந்த உரிமை உண்டு. உட்துறைமுக வீதியில் கப்பல் ஏஜன்சி நடத்திய ஒருவர், சண்டை பெருத்ததும் குடும்பத்தோடு கொழும்புக்குப் போனார். போகிற போக்கில் தன்னுடைய ஜேர்மன் காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதில் பொத்தானை அமத்தினால் கண்ணாடி இறங்கும். இருக்கை எல்லாம் தோல். கியர் தானாக மாறும், மனுசன் ஒன்றும் செய்யத் தேவையில்லை. அந்தக் காலத்துத் திருகோணமலையில் அப்படி ஒரு காரை வைத்திருப்பது ஆனையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. பெற்றோல் கிடைத்த அன்று பாதை பூட்டியிருக்கும். பாதை திறந்த அன்று பெற்றோல் இருக்காது. இரண்டும் சரிவந்த நாளில் கார் உவர்மலை ஏற்றத்தில் நின்று யோசிக்கும்.

யோசிக்கும் என்றால், எஞ்சின் ஊரைக் கூட்டிக் கத்தும், கார் நகராது. இவர் காலை எடுத்துக் கொஞ்சம் பொறுத்துக் கெஞ்சினால் முதுகில் உதைத்த மாதிரி ஒரு பாய்ச்சல் பாய்ந்து ஏறும். அதற்குள் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போவார்கள். போகிறவர்கள் சும்மா போகாமல் திரும்பியும் பார்ப்பார்கள். நான் அந்தப் பக்கம் தெரிகிற கடலில் ஏதோ முக்கியமான விஷயம் நடக்கிற மாதிரி அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இவருக்குத் துறைமுகத்தில் கணக்குப் பகுதியில் வேலை. கணக்குக்காரருக்கு எதையும் அளந்து பார்க்காவிட்டால் சோறு இறங்காது. தானாகக் கியர் மாறுகிற காரின் கியர்பெட்டிக்கு என்று தனி ஒயில் உண்டு, அதற்கென்று தனியாக ஓர் அளவுக்கம்பியும் உண்டு என்று அறிந்த நாளிலிருந்து இவருக்கு அதே வேலை. கம்பியை இழுப்பார், துணியால் துடைப்பார், திரும்ப விடுவார், திரும்ப இழுப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மூக்கில் வைத்து மணப்பார். சுவாமிப் படத்துக்கு முன்னால் அந்த மனுசன் இவ்வளவு நேரம் நின்று நான் கண்டதில்லை. ஒயில் எப்போதும் கம்பியின் மேற்கோட்டில் நிற்கும். அளவு சரி என்பார். அளவு சரி என்றால் ஏன் ஏறுதில்லை என்று கேட்டால், ஒயில் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்பார்.

எஞ்சின் மேல்மூடியான பொனற்றைத் திறப்பதற்கு அந்த நாட்களில் எங்கள் ஊரில் ஒரு முறை இருந்தது. ஆமிக்காரர் காவல் நிற்கிற சென்றிப் பொயின்றில் கை காட்டினால் காரை நிறுத்த வேண்டும், எஞ்சினை அணைக்க வேண்டும், இறங்க வேண்டும், பிறகுதான் பொனற்றைத் திறக்க வேண்டும். எஞ்சின் ஓட ஓடத் திறக்கிறவன் ஓடித் தப்பப் போகிறவன் என்று ஆமிக்காரன் நினைப்பான். அவன் நினைத்தால் பிறகு எங்களுக்கு நினைக்க நேரம் இருக்காது. இந்த ஒழுங்கு எல்லோருடைய கையிலும் ஊறிப்போயிருந்தது. எங்கள் சொந்த முற்றத்தில், காகத்தைத் தவிர வேறு காவல் இல்லாத இடத்தில்கூட, இவர் எஞ்சினை அணைத்து, இறங்கி, இரண்டு கையும் வெளியே தெரியும்படி நடந்து போய்த்தான் பொனற்றைத் திறப்பார். நான் பகிடி பண்ணினால் கோபம் வரும்.

என் தங்கச்சிக்குக் கலியாணம் சரிவந்ததும் இந்தக் கியர் ஒயில் குடும்ப விஷயமாகிவிட்டது. மாப்பிள்ளையின் ஊர் கப்பல்துறை. நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை, பேச்சுக் குறைவு. பெண் பார்க்க வந்த அன்று தேத்தண்ணிக்குச் சீனி போதும் என்று சொன்னதுதான் நான் கேட்ட ஒரே வசனம். அந்தக் குறையை அவருடைய அம்மா தீர்த்துவைத்தார். சீதனம் ஒன்றும் வேண்டாம், ஆனால் மாப்பிள்ளையை அழைக்கத் தோல் இருக்கை வைத்த அந்தக் கார்தான் தங்கள் வாசல் படலையடிக்கு வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைத் தோழனாகப் போக வேண்டிய எங்கள் தம்பி கனடாவில் இருந்ததால் இவரை விட்டால் ஆள் இல்லை. ஓட்டுவதற்கும் இவர்தான்.

தங்கச்சி இதில் ஒன்றிலும் கலந்துகொள்ளவில்லை. காரணம் எங்களுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு வேறொரு சம்பந்தம் முற்றாகியிருந்தது. கலியாணத்தன்று காலையில் மாப்பிள்ளை வருகிற வழியில் ஆமியின் சுற்றிவளைப்பில் அகப்பட்டார். அவள் உடுத்த சேலையோடு பொழுதுபடும்வரை கதிரையில் இருந்தாள். பல மாதம் கழித்து அவரை விட்டார்கள், உயிருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவருடைய ஆட்கள் பெண்ணின் பலன் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு கொழும்புக்குப் போனவர்கள்தான், திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து கலியாணம் என்று யார் கதையெடுத்தாலும் அவள் சொல்வது ஒன்றுதான்: "ஆள் வந்து நிக்கட்டும். பிறகு கதைப்பம்." பூ, பலகாரம், மேளம் எல்லாவற்றுக்கும் அதே பதில். இந்தமுறை மாப்பிள்ளை நேரத்துக்கு வந்து இறங்க வேண்டும் என்று நான் நேராத தெய்வம் இல்லை.

ஒயில் கொழும்பிலிருந்து லொறியில் வந்தது. அது வந்த கதை தனிக்கதை; எண்ணெய் என்ற பெயரில் எதைக் கொண்டுவந்தாலும் வழி முழுக்க விளக்கம் சொல்ல வேண்டிய காலம். கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது, குறிஞ்சாக்கேணியிலிருந்து ஒரு முஸ்லிம் மெக்கானிக்கை இவர் கூட்டிவந்தார்; எல்லோருக்கும் அவர் காக்காதான். உழவு மிசின், லொறி, ஐஸ் லொறி எல்லாம் பிரித்துப் பூட்டுகிறவர். கிளச் இல்லாத காரை அவரும் முதல்முறை காண்கிறார் என்பது அவர் அதைச் சுற்றிச் சுற்றி நடந்ததிலேயே தெரிந்தது. ஆனால் தெரியாது என்று சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. இவருக்கும் இல்லை. இரண்டு பேரும் பொருத்தம்.

காரைக் கல்லில் ஏற்றி, இரண்டு பேரும் அடியில் புகுந்தார்கள். கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்ற, பழைய ஒயில் கறுப்பாகக் கொட்டியது. அடிப்பிடித்த சட்டியின் மணம். அதைப் பிடிப்பதற்கு என்னுடைய பிட்டுமாக் குழைக்கிற பேசின் போயிருந்தது என்பதை நான் பிந்தித்தான் கண்டேன். புனலும் போயிருந்தது. நான் குசினி வாசலில் நின்று சொன்னதை இங்கே எழுத ஏலாது. இவர் பதில் சொல்லத் தலையைத் தூக்கிய நேரம் பார்த்துத் துறைமுகத்துக்குள் அடியால் நீந்தி வருகிறவர்களை விரட்ட நேவிக்காரர் தண்ணீருக்குள் வழக்கமாகப் போடுகிற குண்டு ஒன்று அதிர்ந்தது. இவர் தலை காரில் இடித்தது. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வடிகட்டியைப் புதுசு போட்டு, அடித்தட்டை மண்ணெண்ணெயில் கழுவி, பக்கிங் வைத்துப் பூட்டி, மேலே அளவுக்கம்பி இருக்கிற குழாய்க்குள் புது ஒயிலை விட்டார்கள். அது நல்ல சிவப்பு, செம்பரத்தம்பூவைக் கசக்கின மாதிரி. கொஞ்சம் விடுவது, எஞ்சினை ஸ்ரார்ட் எடுத்துக் கியரை முன்னும் பின்னும் போட்டுப் பார்ப்பது, எஞ்சினை அணைப்பது, இறங்குவது, கம்பியை இழுப்பது. காக்காவும் அப்படித்தான். அவர் ஒருமுறை பொனற்றடிக்குப் போகும்போது அடையாள அட்டைக்காகச் சட்டைப் பையைத் தொட்டதை நானே கண்டேன். ஒயில் சீக்கிரமே மேற்கோட்டைத் தொட்டது. கார்ப் புத்தகத்தில் எழுதியிருந்த அளவுக்குக் கொண்டுவந்ததில் பாதிக்குக் கிட்ட மிஞ்சியது. ஜேர்மன்காரன் கூட்டித்தான் எழுதுவான், அவன்ட குளிருக்கு அது சரி என்று காக்கா தீர்ப்புச் சொன்னார். மிச்ச ஒயில் என் குசினித் தட்டில், தேங்காயெண்ணெய்க்குப் பக்கத்தில் போய் இருந்தது. பேசினையும் புனலையும் நான் திரும்பத் தொடவில்லை. அந்த ஒரு கிழமையும் வீடு முழுக்க, கலியாணப் பலகாரத்தில்கூட, அந்த மணம்தான்.

கலியாணத்தன்று காலை மல்லிகைச் சரம் சுற்றிய காரில் நானும் இவரும் போனோம். கார் நன்றாகவே ஓடியது. "பாத்தீரோ?" என்று இவர் மூன்று மைலுக்குக் கேட்டுக்கொண்டு வந்தார். கண்டி வீதிப் பொயின்றில் பொனற்றைத் திறக்கச் சொன்னபோது சரத்தை அவிழ்க்க வேண்டியிருந்தது. திரும்பக் கட்டியபோது அது பாதிச் சரமாகிவிட்டது. கப்பல்துறையில் மாப்பிள்ளையின் அம்மா காரைச் சுற்றிவந்து பார்த்து, தோல் இருக்கையைத் தடவி, திருப்திப்பட்டார். மாப்பிள்ளை தலைப்பாகையோடு ஏறினார். முகூர்த்தத்துக்கு நேரம் தாராளமாக இருந்தது.

திரும்பும்போது அதே பொயின்ற். நாங்கள் எல்லோரும் இறங்கி, அட்டையைக் காட்டி, நடந்து அந்தப் பக்கம் போனோம். அட்டைப் படத்தோடு முகம் ஒத்துப் பார்க்கத் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னான் ஒரு சென்றிப் பொடியன். தாலி கட்டுமுதல் கழற்ற ஏலாது என்று மாப்பிள்ளையின் அம்மா தமிழில் சொன்னார். மாப்பிள்ளை சிங்களத்தில் ஏதோ மெதுவாகச் சொல்ல, அவன் சிரித்துவிட்டுப் போக விட்டான். இவர் காரில் ஏறி, எஞ்சினை எடுத்து, கியரைப் போட்டார். எஞ்சின் கத்தியது. கார் கொஞ்சம் அசைந்து, தடைக்கட்டைக்கு நேர் நடுவில் நின்றுவிட்டது. பிறகு எவ்வளவு கத்தியும் அசையவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பது இதுதான். பின்னால் கந்தளாயிலிருந்து வந்த பஸ் நின்றது, அதற்குப் பின்னால் நெல் லொறி. சென்றிக்காரர் துவக்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

எஞ்சினை அணைக்க இவருடைய கை வழக்கப்படி திறப்புக்குப் போனது. அப்போதுதான் மாப்பிள்ளை கார்க் கண்ணாடியடிக்கு வந்து எங்களோடு வாய் திறந்தார். "அண்ணை, நிப்பாட்டாதேங்கோ. நிண்டா பிறகு எடுக்குமோ தெரியாது." பிறகு திரும்பி, எஞ்சின் ஓட ஓடப் பொனற்றைத் திறக்கப்போகிறோம், சுடவேண்டாம் என்று சென்றிக்காரருக்குச் சிங்களத்தில் சொன்னார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, நாலு அடி பின்னால் நின்று சம்மதித்தார்கள். எங்கள் காரின் பொனற், என் அறிவில், முதல்முறையாக எஞ்சின் ஓடும்போது திறந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பட்டுச் சேலையோடு போய் அந்த அளவுக்கம்பியை நானே பிடுங்கினேன். துடைத்து விட்டு இழுத்தேன். காய்ந்து கிடந்தது. ஒரு பொட்டு ஒயில் இல்லை.

"எங்க போச்சு உங்கட ஒயில்?" என்று கேட்டேன்.

இவர் முகம் செத்துவிட்டது. காருக்கு அடியில் பார்த்தார், சென்றிக்காரரும் குனிந்து பார்த்தார்கள். தார் வீதியில் ஒரு துளி சிந்தவில்லை. முறைப்படி பார்க்க வேண்டும் என்று இவர் எஞ்சினை அணைத்தார். கொஞ்சம் பொறுத்துக் கம்பியை விட்டு இழுத்தார். மேற்கோடு வரை சிவப்பாக ஒயில். நல்லவேளை, எஞ்சின் திரும்ப எடுத்தது. எடுத்துப் பார்த்தால் காய்ந்த கம்பி. அணைத்தால் நிறைந்த ஒயில். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். இந்தச் சட்டியில் அடுப்பு மூட்டினால் கறியைக் காணவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய சனம் சுற்றிவர நின்று அபிப்பிராயம் சொன்னது. காளிக்கு நேர்த்தி ஏதும் பாக்கியோ என்று ஒரு கிழவர் என்னிடம் கேட்டார். சென்றிப் பொடியன் வித்தை பார்க்கிற மாதிரி இன்னொருமுறை காட்டச் சொன்னான். அதற்குப் பிறகு ஒவ்வொருமுறையும் கம்பியை இழுத்தது மாப்பிள்ளைதான். துடைக்க வேறு துணியில்லாமல் சால்வையில் துடைத்தார். கொதிக்கிற ஒயில் பட்டு வேட்டியிலும் சொட்டியது.

"ஓடேக்க உறிஞ்சுது. நிண்டோடன திருப்பி விடுது," என்றார் கடைசியில். "ஓடவிட்டுத்தான் அளந்திருக்க வேணும், அண்ணை."

நித்திரை கொள்கிறவனிடம் பசிக்குதா என்று கேட்டு, அவன் சும்மா கிடந்ததால் வயிறு நிறைஞ்சது என்று முடிவெடுத்த மாதிரி இத்தனை மாதமும் அளந்திருக்கிறோம். ஊரில் கார் வைத்திருந்த எவரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் அளந்திருப்பார். குறைந்த ஒயிலை இப்போது நிரப்பினால் கார் போகும். ஒயில் என் குசினித் தட்டில் தேங்காயெண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்தது.

அப்போதுதான் இரண்டு சைக்கிள்காரர்கள் எங்களைக் கடந்து ரவுண் பக்கம் போனதைக் கண்டேன். தலைப்பாகையோடு நின்ற மாப்பிள்ளையையும் சுற்றி நின்ற துவக்குகளையும் பார்த்துக்கொண்டே போனார்கள். திருகோணமலையில் செய்திக்குப் பெற்றோல் தேவையில்லை. மாப்பிள்ளையைப் பொயின்றில் மறித்து வைத்திருக்கிறார்கள் என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் கலியாண மண்டபம் இருக்கிற காளி கோயிலடிக்குக் கதை போய்விடும். அது கியர் ஒயில் என்று அவளுக்கு யார் சொல்வது? அவள் அந்தக் கதிரையை இன்னொருமுறை தாங்கமாட்டாள். நான் வீதியில் நின்று அழுதுவிட்டேன்.

"அக்கா, பஸ்ஸில போவம்," என்றார் மாப்பிள்ளை.

"பஸ்ஸிலயோ?" என்றார் அவருடைய அம்மா.

"அம்மா, அங்க ஒரு பிள்ளை பாத்துக்கொண்டிருக்கு," என்றார் அவர். அந்த நிமிடத்தில் எனக்கு அந்த மனுசனைப் பிடித்துப்போனது. பழைய கதை அவருக்குத் தெரியும் என்றும் அப்போதுதான் விளங்கியது.

சனமும் சென்றிக்காரரும் காரை ஓரத்துக்குத் தள்ளிவிட, இவரை அதோடு விட்டுவிட்டு பஸ் ஏறினோம். இவருடைய பங்கை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். கலியாணத்துக்கு வந்திருந்த காக்கா கோயிலடியில் விஷயத்தைக் கேட்டு, எங்கள் குசினியிலிருந்து மிச்ச ஒயிலை எடுத்துச் சைக்கிளில் கொண்டுபோய், சென்றிக்காரர் சுற்றிநின்று பார்க்க, எஞ்சினை ஓடவிட்டு நிரப்பினார். கொண்டுபோனது முழுக்க உள்ளே போனதாம். ஜேர்மன்காரன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். இவர் வந்து சேர்ந்தபோது பந்தியில் பாயாசம் போய்க்கொண்டிருந்தது. கலியாணப் படம் ஒன்றிலும் தோழன் இல்லை. அதைப்பற்றி இன்றுவரை என்னோடுதான் கோபம்.

பஸ்ஸில் தலைப்பாகை கூரையில் முட்டியது. மாப்பிள்ளை ஒரு கையால் கம்பியையும் மற்றக் கையால் தலைப்பாகையையும் பிடித்துக்கொண்டு, கழுத்தைச் சரித்து நின்றார். கோழிக் கூடையோடு இருந்த ஒரு பெண் அவருடைய அம்மாவுக்கு இடம் கொடுத்தார். தங்கச்சியின் மாமி கூடையை மடியில் வாங்கிக்கொண்டு, தோல் இருக்கையைப்பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். கலியாண ஆட்கள் என்று அறிந்ததும் சாரதி இடையில் கை காட்டிய ஒருவரையும் ஏற்றவில்லை. பஸ்ஸில் இருந்த சனம் முழுக்க என்னிடம் முகூர்த்த நேரம் கேட்டுத் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டது.

கோயிலடி மண்டபத்து வாசலில் மேளம் இல்லை. சனம் வீதிக்கு வந்து நின்றது. கதை எங்களுக்கு முந்தி வந்துவிட்டது. சனத்துக்கு முன்னால் தங்கச்சி நின்றாள். மாப்பிள்ளை மணவறையில் இருக்குமுன் பெண் வாசலுக்கு வருகிற வழக்கம் எங்களிடம் இல்லை. எங்கள் அம்மாவும் பெண்டுகளும் அவளைப் பிடித்துப் பார்த்துக் களைத்து, பின்னால் நின்றார்கள். அவள் காருக்காக வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றதில் பஸ்ஸைக் கவனிக்கவில்லை.

மாப்பிள்ளை இறங்கினார். வெள்ளைப் பட்டு வேட்டியிலும் சால்வையிலும் கையிலும் சிவப்பு. யாரோ ஒரு பெண் ஐயோ என்று குழறினாள். எங்கள் அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நான் பின்னாலிருந்து, அது ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று கத்தியது எவருக்கும் கேட்கவில்லை. தங்கச்சி குழறவில்லை. நேரே நடந்து அவரிடம் போனாள். அவளுடைய முகத்தில் இரத்தமே இல்லை. அவர் முகத்தை, கழுத்தை, கையை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சால்வைத் தலைப்பைப் பிடித்து மூக்கில் வைத்தாள்.

"கியர் ஒயில்," என்றாள்.

"ஓம்," என்றார் அவர். "ஓடவிட்டு அளக்கேல்ல."

அதன் பிறகுதான் அவள் அழுதாள். இரண்டு வருடத்து அழுகை, கண் மை, சந்தனம் எல்லாம் கரைய, நடுவீதியில், பஸ்ஸில் இருந்த அத்தனை சனமும் எட்டிப் பார்க்க அழுதாள். மாப்பிள்ளை என்ன செய்வது என்று தெரியாமல் ஒயில் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமி கோழிக்கூடையை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அழுது முடித்து மூக்கைத் துடைத்தவள் அந்தச் சால்வைத் தலைப்பை விடவில்லை. அதைப் பிடித்தபடியே திரும்பி மண்டபத்துக்குள் நடந்தாள். அவர் பின்னால் போனார். மாப்பிள்ளைதான் முன்னுக்கு வரவேண்டும் என்று ஐயர் இரண்டுதரம் சொல்லிப் பார்த்தார்.